தாய்மார்களுக்குத் தேகப்பயிற்சி

நாற்று நடும் பெண்ணுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று விவசாய அன்பர்கள் கேட்பதுண்டு. நாள் முழுவதும் குனிந்து நிற்பதும் குடம் சுமப்பதும் உழைப்பேயன்றிப் பயிற்சியாகா.

சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் கொள்ளவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. ஐந்து நாட்கள் அரைமணி வீதம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடந்தால் போதும். பௌர்ணமியன்று மட்டும் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஒரே மூச்சில் முடிப்பது இதற்கு ஈடாகாது. இரத்தப்போக்கு, மயக்கம், நெஞ்சுவலி கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

பிரசவத்திற்குப் பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கச் சுமார் ஆறு வாரம் ஆகும். அதைத் தாங்கும் அடித்தசைகளும் தளர்ந்திருக்கும். அந்நாட்களில் குடமும் புல்லுக்கட்டும் தூக்கினால் கருப்பை இறக்கத்திற்கு இடமுண்டு. சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் படுத்தவாறே செய்யலாம். அறுவைசிகிச்சை நடந்திருப்பின் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பது பெருந்தவறு. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாட்கள் உட்கொள்ளவேண்டும்.

அந்த ஆறு வாரம் குடத்தை யார் சுமப்பது? கணவன்மார் சுமக்கட்டும், அதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பஞ்சாயத்து உறுப்பினர்களோ, குழாய் எட்டாத தெருக்கள் எவையெனக் கணக்கெடுத்து, அடுத்த கூட்டத்திலேயே முன்வைக்கலாம்.