ஆள் வரும் வரைக்கும் இருட்டில் இருக்கணுமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, உள்கடன் எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி மட்டும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டோம்.

“ராத்திரி பூரா கரண்ட் இல்லக்கா. அவுக கடலுக்குப் போயிட்டாவ. பக்கத்து வீட்டு அண்ணன் விடிஞ்சதும் வாரேன்னாரு. பிள்ளைகளுக்கு விசிறிக்கிட்டே முழிச்சிருந்தேன்” என்றார்.

காலையில் அந்த அண்ணன் வந்து பார்த்தால், டிரிப்பர் விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டார், லைட் எரிந்தது. அவ்வளவுதான் வேலை.

எல்லோரும் சிரித்தோம். “சரி, உங்க வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?” என்று ஊக்குநர் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கை தூக்கியது மூன்றே பேர். நானும் தூக்கவில்லை.

நம் பகுதியில் ஆண்கள் கடலில், ஹார்பர் ஷிப்ட்டில், கப்பல் வேலையில், வெளிநாட்டில். உப்பளத்துக்கும் மீன் ஏலத்துக்கும் போய்விட்டு வந்து வீட்டை நடத்துவது நாம்தான். ஆனால் வீட்டில் உள்ள மெஷின் சாமான் மட்டும் ஏனோ நமக்குச் சம்பந்தமில்லாத பொருள் மாதிரி ஆகிவிட்டது. எதை நாமே செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

முதலில் கரண்ட். டிரிப்பர் விழுந்தால் காரணம் இல்லாமல் விழாது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். டிரிப்பரை முழுவதும் கீழே அமுக்கி, பிறகு மேலே தூக்குங்கள். நின்றால், ஒவ்வொரு சாமானாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ, கோளாறு அதில்தான். மிக்ஸியோ, தண்ணீர் மோட்டாரோ, அதை மட்டும் ரிப்பேருக்குக் கொடுத்தால் போதும். எதையும் மாட்டாமலே திரும்ப விழுந்தால் வயரிங்கில் கோளாறு. அங்கே நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய ஃபியூஸ் கட்டை உள்ள வீட்டில் மெயினை அணைத்த பிறகுதான் கட்டையைப் பிடுங்க வேண்டும். அதற்குரிய கம்பியைத்தான் கட்ட வேண்டும். அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றினால், ஃபியூஸுக்குப் பதில் வீட்டு வயர் எரியும். கம்பத்து ஃபியூஸைக் கம்பால் தட்டுகிற பழக்கம் சில தெருக்களில் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படித் தண்ணீர் புகுந்த வீட்டில், தண்ணீர் வடிந்ததும் உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பிளக் பாயிண்டுக்குள் ஈரமும் சேறும் நிற்கும். தண்ணீர் ஏறும்போதே, கால் நனையாமல் போக முடிந்தால் மெயினை அணைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் மெயின் எது என்று தெரிந்திருக்கணும் என்கிறேன். இன்னொன்று: உப்பு மண்ணில் எர்த் பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும். பல வருஷமாகப் பார்க்காத எர்த்தை வயர்மேனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கேஸ். முத்துக்குளிக்கிற காலத்தில் (நம் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல்) உள்ளே இறங்குகிறவரின் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டானாம்! நம் அடுப்படியில் அந்தக் கயிறு மாதிரி இருப்பது கேஸ் டியூப். அதைப் பார்த்து எத்தனை நாளாச்சு? டியூப் மேலேயே தேதி அச்சடித்திருக்கும். 5 வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். வெடிப்பு இருந்தால், எலி கடித்திருந்தால், அன்றைக்கே.

சிலிண்டருக்கும் தேதி உண்டு. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என்ற இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றும், வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். “டி-28” என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் அந்த சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். காலி சிலிண்டரின் எடையும் அதிலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோ கூட்டினால் நிறைந்த எடை. கொண்டு வருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி கசிவு அதனால்தான். சந்தேகம் வந்தால் சோப்பு நுரையைத் தடவுங்கள், முட்டை விட்டால் கசிவு. தீக்குச்சி கூடவே கூடாது. வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, மூடியை மாட்டிவிடுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

இனி வண்டி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று பலர் அதையே விரும்பினார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், இவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. பலர் பெயரில் வண்டி வந்தது. ஆனால் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் சில வீடுகளில் பதில் வேறு! உங்கள் பெயரில் வண்டி இருந்தால் லைசென்ஸும் உங்கள் பெயரில் இருக்கட்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டிவரும்.

என் அனுபவம் ஒன்று. என் எக்ஸ்எல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. தள்ளிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போவேன். அவர் ஐந்து நிமிஷம் ஏதோ செய்வார், கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பிளக்கைக் கழற்றி, கரியைத் தேய்த்து மாட்டினார். அதற்குத்தானா இத்தனை நாள்! இப்போது நானே செய்கிறேன். எஞ்சின் ஆறிய பிறகு பிளக் ஸ்பேனரால் கழற்றி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலர்த்தி, முதலில் கையாலேயே திருகி மாட்டணும். புரி சரியாக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். அவசரப்பட்டுக் கோணலாக இறுக்கினால் புரி போய்விடும், செலவு பெரிசு.

மீன் பெட்டி கட்டுகிற சகோதரிகளுக்கு: ஐஸ் தண்ணீர் ஒழுகி செயினையும் ரிம்மையும் தின்றுவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் செயினுக்கு ஆயில் விடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் செயினில் கை வைக்க வேண்டும். ஓடும் செயினைத் துணியால் துடைத்தால் விரல் போகும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் கேபிளை நாமே கொஞ்சம் இறுக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்தான்.

எங்கள் குழுவில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப் எல்லாம் போட்டு ஒரு டூல்ஸ் பெட்டி வாங்கத் தீர்மானம் போட்டோம். யார் வீட்டுக்குப் போகிறது, எப்போது திரும்பியது என்று தனி நோட்டில் எழுதுகிறோம். அந்தச் சகோதரி வீட்டில்தான் பெட்டி இருக்கிறது. நீங்களும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் சிலிண்டர் தேதியையும் டியூப் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.