நாமக்கல் மலைக்கு மறுபடியும்

கல்லூரிக் காலத்தில் நாமக்கல் மலைக்கோட்டை ஏறியது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கோவையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு நாளில் போய்வர முடியுமா?
– வாசகர், சிங்காநல்லூர்

தாராளமாக முடியும், மிச்சமும் இருக்கும். விடிவதற்குள் கிளம்புங்கள். ஈரோடு வரை ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி, அங்கிருந்து திருச்செங்கோடு வழியாக அரசுப் பேருந்து. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: 2024-இல் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் வந்துவிட்டது. முன்போல இறங்கியதும் மலை எதிரே நிற்காது; நகரப் பேருந்து பிடித்து ஊருக்குள் போக வேண்டும்.

போனதும் முதலில் மலை ஏறுங்கள். ஒரே பாறை, சுமார் 65 மீட்டர்தான். பாறையிலேயே வெட்டிய படிகள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல் தோசைக்கல்தான். முழங்கால் முரண்டு பிடித்தால் பாதியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. ஏறக் கட்டணமும் கிடையாது.

இறங்கியதும், நடை சாத்துவதற்குள் குடைவரைகளைப் பார்த்துவிடுங்கள். எட்டாம் நூற்றாண்டில் அதியர்கள் குடைந்தவை. கல்லூரி வயதில் இங்கே யார் நின்று பார்க்கிறார்கள்! அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பது ஆதிசேஷன் மேல் அல்ல, கார்க்கோடகன் மேல். நரசிம்மர் சன்னதியில் நாமகிரித் தாயார்; கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். எதிரே கூரையில்லாமல் 18 அடி ஆஞ்சநேயர்.

மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் முடித்துக்கொள்ளுங்கள். முட்டை ஊருக்குப் போய் ஆம்லெட் வாங்காமல் திரும்பினால் வீட்டில் கேட்பார்கள். சாமி கும்பிட்ட பிறகு என்றால் உங்கள் விருப்பம்.