மழையும் நிழலும் சூழ்ந்த மலைநாட்டில் வீட்டின் புறச்சுவர்

வீடு கட்டுவோரின் கவனம் முதலில் கூரையின்மேல் செல்கிறது; அடுத்துத் தளத்தின்மேல் செல்கிறது. சுவரின் வெளிமுகம் எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. மழை குறைந்த சமவெளிகளில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் மேகாலயத்தின் காசி மலைகள் போன்ற இடங்களில் வீடு பத்தாண்டு நிற்குமா, முப்பதாண்டு நிற்குமா என்பதைப் பெரும்பாலும் புறச்சுவரே முடிவு செய்கிறது. அளவைப் பார்த்தாலும் இது விளங்கும். 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு 25 சதுர மீட்டர், 2.7 மீட்டர் உயரமுள்ள அதன் சுவர்களின் வெளிப்பரப்போ 54 சதுர மீட்டர். தரையைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட பரப்பு வானிலைக்கு முகங்கொடுத்து நிற்கிறது.

சோரா எனப்படும் சிரபுஞ்சியின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 11,800 மில்லிமீட்டர். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை முடிய உள்ள பன்னிரண்டு மாதங்களில் அங்கு 26,461 மில்லிமீட்டர் மழை பெய்ததாகப் பதிவு உள்ளது. மேட்டுநிலத்தில் உள்ளடங்கி நிற்கும் ஷில்லாங்கில் சோராவின் மழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பெய்கிறது. எனவே, மாவட்டம் ஒன்றே ஆயினும் சுவருக்கு விதி ஒன்றாக இருக்க முடியாது.

மழைமானி காட்டும் அளவு மட்டுமே சுவருக்குப் போதிய செய்தி ஆகாது. மழை செங்குத்தாக வீழ்ந்தால் நனைவது கூரையே. சுவரை நனைப்பது காற்று சாய்த்து வீசும் சாரல். இதனைக் கணக்கிடப் பொறியாளர்கள் ஓர் எளிய குறியீட்டைப் பயன்படுத்துகின்றனர். ஆண்டு மழையை மீட்டரிலும், சராசரிக் காற்று வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் கொண்டு இரண்டையும் பெருக்க வேண்டும். விடை 3-க்குக் கீழ் இருந்தால் பாதிப்புக் குறைவு; 3 முதல் 7 வரை நடுத்தரம்; 7-க்கு மேல் கடுமை. சோராவில் காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்ல வீசுவதாகக் கொண்டாலும் விடை 11-ஐத் தாண்டிவிடும். அங்கே சுவரில் நீர் படாமல் தடுப்பது இயலாது. பட்ட நீர் விரைவில் வடிந்து, சுவர் மீண்டும் உலர்வதற்கு வழி செய்வதே இயலக்கூடியது.

நிழலின் பங்கு

உலர்தல் என்னும் இடத்தில்தான் நிழல் குறுக்கிடுகிறது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளர்வதற்கு நான்கு வேண்டும்: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். முதல் மூன்றும் மரச்சுவரில் எப்போதும் உண்டு. நான்காவதைத்தான் மனிதன் கட்டுப்படுத்த முடியும். மரத்தின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சணம் வேர்கொள்வதில்லை. ஏறத்தாழ 28 விழுக்காட்டைத் தாண்டி, அந்நிலையிலேயே வாரக்கணக்கில் நின்றால் அழுகல் தொடங்கிவிடுகிறது. ஆகவே ஒரு சுவர் எத்தனை முறை நனைந்தது என்பதைவிட, நனைந்தபின் எத்தனை நாள் ஈரமாகவே இருந்தது என்பதே முதன்மையான கேள்வி.

காசி மலைகள் கடகரேகைக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 25.5 பாகையில் உள்ளன. அங்கு நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்புறமாகவே நிற்கிறது. வடக்கு நோக்கிய சுவருக்கு வெயில் கிடைப்பது கோடைகாலக் காலையிலும் மாலையிலும் சாய்வாக மட்டுமே. அதே மாதங்களில்தான் வானத்தை மேகம் மூடுகிறது! வடக்குச் சுவர் ஏட்டளவில் பெறும் வெயிலையும் உண்மையில் பெறுவதில்லை. இதனுடன் சரிவின் நிழல், வீட்டை ஒட்டி வளர்ந்த மரங்களின் நிழல், இவற்றால் தடைப்படும் காற்றோட்டம் ஆகியவையும் சேர்ந்தால் ஒரே வீட்டின் தென்சுவரும் வடசுவரும் இருவேறு தட்பவெப்பங்களில் வாழ்கின்றன என்றே சொல்லலாம். செலவு கருதி ஒரு சுவருக்கு மட்டுமே உயர்ந்த பொருளை இடமுடியும் என்றால், அது வீட்டின் முகப்புச் சுவராக இருத்தல் கூடாது.

சுவரில் படரும் பச்சைப் பாசி அழுகல் அன்று. ஆயினும் அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. எந்தப் பகுதி உலரவில்லை என்பதையும் கூலியின்றிக் காட்டிக்கொடுக்கிறது. தூரிகையால் தேய்த்துக் கழுவினால் அது நீங்கிவிடும். விசைநீர் பீய்ச்சுவது பலகைகளின் இடுக்கு வழியே நீரை உள்ளே புகுத்தும். அதைத் தவிர்க்க வேண்டும்.

நிலநடுக்கம் தந்த சுவர்

இப்பகுதியில் சுவரைப் பற்றிப் பேசும்போது 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தை விட்டுவிட முடியாது. ஷில்லாங்கில் இருந்த கற்கட்டடங்கள் நொடிப்பொழுதில் தரைமட்டமாயின. அதன் பின்னரே, மரச்சட்டமும், அதன் இடையில் இக்ரா என்னும் நாணல் அடைப்பும், அதன்மேல் மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சும், மேலே நெளிதகட்டுக் கூரையும் கொண்ட 'அஸ்ஸாம் வகை' வீடு பரவலாயிற்று. இடுப்பளவு வரை கல் அல்லது செங்கல், அதற்குமேல் இலேசான அடைப்பு என்பது அதன் பொது அமைப்பு. 2011 செப்டம்பர் 18 அன்று சிக்கிமை உலுக்கிய நிலநடுக்கத்திலும் இக்ரா வீடுகள் நன்கு தாங்கி நின்றதைப் பார்வையிட்ட பொறியாளர்கள் பதிவு செய்துள்ளனர். சரியாக அமைக்கப்படாத கான்கிரீட் சட்டக் கட்டடங்கள் பல அப்போது சிதைந்தன.

ஆகவே மழைக்கு அஞ்சிச் சுவரைக் கனமாக்குவது இங்கே ஒரு பொறி. நிலநடுக்க வரைபடத்தில் மிக உயர்ந்த அபாயம் குறிக்கப்பட்ட பகுதியில் அரைச்செங்கல் சுவரை எழுப்பி, கம்பியோ பட்டைக் கான்கிரீட்டோ இடாமல் விடுவது, மழையிலிருந்து காத்து நிலநடுக்கத்திடம் ஒப்படைப்பதாகும். மழையிலிருந்தாவது காக்கிறதா என்றால், அதுவும் ஐயத்திற்குரியதே. மெல்லிய செங்கல் சுவர் சாரலை உறிஞ்சி உட்புறம் வரை கடத்துகிறது. அறையின் உள்ளே பூசணம் படர்கிறது.

பொருள்களின் தேர்வு

மரத்தைப் பொறுத்தவரை, இனத்தின் பெயரைவிட வைரமா வெள்ளையா என்பதே முதற்கேள்வி. எந்த மரமாயினும் அதன் வெளிப்புற வெள்ளைப் பகுதி நீடிப்பதில்லை. மண்ணில் நட்டுச் சோதித்து, சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் நிற்கும் வைரத்தை முதல் வகுப்பாகவும், 60 முதல் 120 மாதங்கள் நிற்பதை இரண்டாம் வகுப்பாகவும், அதற்குக் குறைந்ததை மூன்றாம் வகுப்பாகவும் இந்தியத் தரநிலைகள் பிரித்துள்ளன. தேக்கும் சாலும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. மலையில் மிகுதியாக வளரும் காசி பைன் மரம் இயல்பில் நீடிக்காது. ஆனால் மருந்தை எளிதில் உட்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. சாலின் வைரமோ மருந்தை ஏற்பதில்லை. வலிய மரத்தை அப்படியே பயன்படுத்தலாம், மெலிந்த மரத்துக்கு மருந்திட்டே பயன்படுத்த வேண்டும் என்னும் நடைமுறை இதிலிருந்து பிறக்கிறது.

மருந்துத் துறையில் இந்தியாவுக்கு ஒரு முன்னோடிப் பெருமை உண்டு. செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த, நீரில் கரையாது மரத்தில் நிலைபெறும் மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசன் உருவாக்கினார். உலகெங்கும் பல்லாண்டுகள் அது கோலோச்சிற்று. ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை காரணமாகப் பல நாடுகள் 2003-04 அளவில் குடியிருப்புகளில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின. இன்று வீடுகளுக்கு ஆர்செனிக்குக்குப் பதில் போரான் சேர்ந்த கலவையே ஏற்றது. போராக்சும் போரிக் அமிலமும் மட்டும் சேர்ந்த கரைசல் மலிவானது, கையாளவும் எளிது. ஆனால் அது மழையில் கரைந்து வெளியேறிவிடும். பூச்சுக்கு உட்புறம் அடங்கிய இக்ராவுக்கும் மூங்கிலுக்கும் அது போதுமானது. வெளியே தெரியும் பலகைக்கு அது வீண்செலவு. இவ்வேறுபாட்டைக் குறிப்பிடாத மதிப்பீட்டுப் படிவம் முழுமையானதன்று.

மரம் கிடைக்கும் நிலையும் மாறிவிட்டது. கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை வடகிழக்கில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதன்பின் சட்டத்துக்கே தவிர முழுச்சுவருக்கும் வைரப்பலகை என்பது எளிய குடும்பங்களுக்கு எட்டாததாயிற்று. மறுபுறம், 2017-இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்னும் வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. மூங்கில் சுவருக்கு வழி அகலமாயிற்று எனலாம். மூங்கிலை மழைக்குப்பின் குளிர்காலத்தில் வெட்ட வேண்டும் என்னும் பழைய வழக்கம் பொருளுள்ளது. மாவுச்சத்துக் குறைந்த மூங்கிலைத் துளைவண்டு நாடுவதில்லை. ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைப்பதும் இதற்கே. எனினும் இவை வண்டைத் தடுக்குமே அன்றிப் பூஞ்சணத்தைத் தடுப்பதில்லை. அதற்கு மருந்து வேண்டும். பச்சை மூங்கிலின் ஒரு முனையில் அழுத்தத்துடன் மருந்தைச் செலுத்தி, மறுமுனை வழியே சாறு வெளியேறச் செய்யும் முறை சிற்றூர்க் குழுக்களாலும் செய்யத்தக்கது.

துத்தநாகம் பூசிய நெளிதகட்டைச் சுவருக்கும் அடிப்பது இன்று பெருகி வருகிறது. இதில் ஒரு சிறு கணக்கை அலுவலர்கள் அறிந்திருத்தல் நலம். சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு என்றால் அது இருபுறமும் சேர்ந்த அளவு. ஒரு புறத்தில் அதன் கனம் ஏறத்தாழ 8 மைக்ரான். 275 கிராம் என்றால் ஏறத்தாழ 19 மைக்ரான். நடுத்தர அரிப்புள்ள சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேய்கிறது என்பது பன்னாட்டுத் தரநிலையின் அளவை. எனவே மெல்லிய பூச்சு 4 ஆண்டு முதல் 12 ஆண்டு வரையிலும், கனத்த பூச்சு 9 ஆண்டு முதல் 27 ஆண்டு வரையிலும் தாங்கும். நிழலில் ஈரம் உலராத சுவரில் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். கடையில் இரு தகடுகளும் ஒன்றுபோல் பளபளக்கும். வேறுபாடு பூச்சின் எடையில் மட்டுமே உண்டு. கொள்முதல் ஆணையில் தகட்டின் தடிப்பு எழுதப்படுகிறது. பூச்சின் எடை விடுபட்டுப் போகிறது.

கல்நார் சிமெண்டுத் தகடு அழுகாது, துருப்பிடிக்காது. ஆயினும் அதனை அறுப்பதாலும் துளைப்பதாலும் எழும் கல்நார்த் தூசி புற்றுநோய் விளைவிப்பது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. கல்நார் கலவாத இழைச் சிமெண்டுப் பலகை கிடைக்கும் இடத்தில் அதுவே தகுந்தது. வெட்டிய விளிம்புகளுக்கு மட்டும் மறவாமல் வண்ணம் பூச வேண்டும்.

பொருளினும் பெரிது பொருத்தும் முறை

நல்ல பலகையும் தவறாக அடிக்கப்பட்டால் விரைவில் கெடும். எளிய பலகையும் முறையாக அமைந்தால் நெடுநாள் நிற்கும். பலகையைச் சட்டத்தோடு ஒட்டி அடிக்காமல், 2 செ.மீ. தடிப்புள்ள குச்சிகளை இடையே வைத்து அடித்தால், புகுந்த நீர் பின்புறமாக வடிந்து விழும்; காற்றும் ஊடே செல்லும். அவ்விடைவெளி மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். பூச்சி புகாமல் வலை இடலாம். மரத்தின் வெட்டுமுனை பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். ஆதலால் அடிமுனையைச் சாய்வாக வெட்டி, பொருத்துமுன்பே மருந்தும் வண்ணமும் தோய்க்க வேண்டும். தரையில் தெறிக்கும் மழைத்துளி 30 செ.மீ. உயரத்துக்கு மேலும் சுவரை நனைக்கும். பலகையோ இக்ராவோ அதற்குக் கீழ் இறங்கலாகாது. முன்னோர் இடுப்பளவு கற்சுவர் வைத்தது இக்காரணத்துக்கும் பொருந்துகிறது. இறவாரம் 60 செ.மீ. நீண்டிருந்தால் சுவரின் மேற்பாதியேனும் காக்கப்படும். இக்ராவின் மேல் சிமெண்டுப் பூச்சு வெடித்தால் வெடிப்பின் வழி புகுந்த நீர் வெளியேற இயலாது உள்ளேயே தங்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடுகிறது. காரை வேலைக்குச் சுண்ணாம்பு காசி மலைகளிலேயே நிறைய உண்டு.

படிவத்தில் ஒரு சொல்

2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாயும், மலைப்பகுதிகளுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 1.30 லட்சம் ரூபாயும் வீடொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்டன. இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் 'பக்கா' வீட்டை ஒரு பொருளின் பெயரால் வரையறுக்கவில்லை; உரிய பராமரிப்புடன் இயற்கையின் தாக்குதலைக் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கும் வீடு என்றே கூறுகின்றன. கணக்கெடுப்புப் படிவங்களிலோ மூங்கில் சுவர் 'கச்சா' என்றும், சுட்ட செங்கல் சுவர் 'பக்கா' என்றும் பொருளை வைத்தே பிரிக்கப்படுகிறது. இதன் விளைவாகப் பயனாளியும் மேற்பார்வையாளரும் பாதுகாப்பான இக்ராவைக் கைவிட்டு, கிடைக்கும் தொகைக்குள் கம்பியில்லாத அரைச்செங்கல் சுவரை எழுப்பும் நிலை நேர்கிறது. 120 கிராம் தகட்டுச் சுவர் 30 ஆண்டு என்னும் அளவுகோலை எட்டாது. கல் அடிமேடையும் மருந்திட்ட சட்டமும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட இக்ரா சுவர் எட்டக்கூடும். மைய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் 'பஹல்' என்னும் பெயரில் தொகுத்த வட்டார வீட்டு மாதிரிகளும் உள்ளூர்ப் பொருள்களுக்கு இடமளிக்கின்றன. வட்டார இளநிலைப் பொறியாளர் மதிப்பீட்டில் 'மூங்கில் சுவர்' என்று மட்டும் எழுதாமல், மருந்தின் வகை, பூச்சின் வகை, அடிமேடையின் உயரம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் அவ்வீட்டைத் தள்ளுவதற்கு வழிகாட்டு நெறிகளில் காரணம் இராது.

பராமரிப்பு என்னும் சொல் அவ்வரையறையில் இருப்பதை மறத்தலாகாது. மழை ஓய்ந்த நவம்பரில் வடக்குச் சுவரின் அடிப்பகுதியையும் சன்னல்களின் கீழ்மூலைகளையும் கூரிய ஆணியால் குத்திப் பார்க்க வேண்டும். ஆணி எளிதில் இறங்கும் பலகையை அப்போதே மாற்றினால் செலவு ஒரு பலகையோடு நிற்கும்.