மரத்தைக் காட்டி ஆங்கிலம் படிப்போம்



19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தார்கள். அந்தக் கரையின் மரத்திலிருந்தே இம்முறை பாடத்தைத் தொடங்குவோம்.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஆங்கிலத்தில் 'பேயோபாப்'. ஆபிரிக்காவுக்குரிய மரம் இது. தாவரவியல் பெயர் 'அடன்சோனியா டிஜிட்டாட்டா'. அடன்சன் ஒரு பிரெஞ்சு தாவரவியலாளர். 'டிஜிட்டஸ்' என்றால் இலத்தீனில் விரல். இலை விரிச்ச கை மாதிரி இருக்கும். காரணம் தெரிஞ்சா பெயர் மறக்காது. ஆங்கிலம் படிக்கும் ஜெர்மன் பிள்ளைக்கும் 'பேயோபாப்' புதுச்சொல்தான். அவர்கள் மொழியில் அது 'குரங்கு ரொட்டி மரம்'. ஆகவே கூச்சம் வேண்டாம்.

இனி நம் தேயிலைக்கு வருவோம். மொட்டு 'பட்', தண்டு 'ஸ்டெம்', வேர் 'ரூட்', களை 'வீட்', கவ்வாத்து 'புரூனிங்'. ஓர் இலை 'லீஃப்', ரெண்டானால் 'லீவ்ஸ்'. 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' என்றால் நாம் பறிக்கும் கொழுந்தேதான்.

ஒரு சொல்லைக் கட்டாயம் படிச்சு வையுங்க: 'பொய்சன்', அதாவது நஞ்சு. களைக்கொல்லிப் போத்தலில் அது இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெறும் போத்தலில் தண்ணீர் பிடிக்கவும் கூடாது.

அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.