உப்புக்காற்று ஊரில் முதல் கேமரா

போன மாதம் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒரு சிறிய மிரர்லெஸ் கேமரா வந்தது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை என்றார் கொண்டுவந்த இளைஞர். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் ஓடியிருந்தன. பூஞ்சை. பேட்டரி அறையைத் திறந்தால், தொடுமுனைகளில் பச்சையாகக் களிம்பு.

"எங்கே வைத்திருந்தீர்கள் தம்பி?"

"பீரோவில்தான் சார். உறையோடு பத்திரமா துணிக்கு நடுவில் வைத்திருந்தேன்."

வீடு தேவனேரியில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். "கம்பெனிக் கோளாறா சார்?" என்று கேட்டார். இல்லை. கேமராவில் குறை ஒன்றும் கிடையாது. மெகாபிக்சலையும் தள்ளுபடியையும் யூடியூபில் கேட்டதையும் வைத்து வாங்கியிருந்தார். எந்த ஊரில், எதை எடுக்க வாங்குகிறோம் என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவே இல்லை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் பக்கமிருந்து முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் இந்தக் கருவி வேலை செய்யும் விதம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். அது ஒளியை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்பும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேராக சென்சாரில் (ஒளியை உணரும் சில்லு) விழும். சென்சார் பார்ப்பதையே நீங்கள் திரையில் பார்க்கிறீர்கள். 2008-இல் பானசோனிக்கும் ஒலிம்பஸும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற ஏற்பாட்டை அறிவித்தன. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 வந்தது. உடல் சிறுத்தது அங்கிருந்துதான். அதற்கு இரண்டு விலை கொடுக்கிறோம். சென்சாரும் திரையும் ஓயாமல் ஓடுவதால் பேட்டரி சீக்கிரம் தீரும். சிறிய உடல்களில் ஒரு சார்ஜுக்கு 300, 400 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேரே வெளிக்காற்றைப் பார்க்கும். கடற்கரையில் நிற்கிறவருக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

சென்சாரின் அளவு பற்றிக் குழப்பம் அதிகம். ஃபுல்ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பெரும்பாலான கைப்பேசிகளில் முக்கிய சென்சாரின் அகலமே சுமார் 10 மில்லிமீட்டருக்குள்தான். ஆகவே சிறிய இரண்டில் எதை எடுத்தாலும் கைப்பேசியிலிருந்து பெரிய படி ஏறுகிறீர்கள். ஃபுல்ஃபிரேமில் உடல் சிறியதாக வந்துவிட்டது, லென்ஸ்தான் சிறுக்கவில்லை. முதல் கேமராவுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. மெகாபிக்சலும் அப்படியே. 24 மெகாபிக்சல் படத்தை 20க்கு 13 அங்குலம்வரை துல்லியமாக அச்சிடலாம். வீட்டுச் சுவருக்கு அது போதும்.

இப்போது இடத்துக்கு வருவோம். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் அதன்மேல் சாய்வாக விழும்போது யானைகளின் காதுமடிப்புவரை தெரியும். முன்னால் நிற்க இருக்கும் இடமோ குறைவு. பாறை முழுவதும் சட்டத்துக்குள் வர வேண்டுமானால் லென்ஸ் அகலமாகப் பார்க்க வேண்டும். கேமராவோடு கொடுக்கும் கிட் லென்ஸ்களுக்குள் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. சோனி, நிக்கான் ஏபிஎஸ்-சி உடல்களுடன் வருவது 16-50. ஃபுல்ஃபிரேம் கணக்கில் அதன் தொடக்கம் 24 மில்லிமீட்டர். ஃபியூஜியின் 15-45 இன்னும் சற்று அகலம். கேனான் ஆர்50, ஆர்100 உடன் வரும் 18-45 அதே கணக்கில் சுமார் 29. உங்கள் கைப்பேசி பெரும்பாலும் 24, 26 அளவில் பார்க்கிறது. அதாவது, அந்த கேனானை வாங்கியவர் பாறை முன் நின்றால், பையிலிருக்கும் போனைவிடக் குறைவாகவே அவர் கேமரா பார்க்கும். கேனான் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. ஆட்களை எடுக்க அது அருமையான கருவி. கோயிலும் சிற்பமும்தான் உங்கள் ஆசை என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது குகைக்கோயில்கள். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குள் போனால் ஒரு பக்கச் சுவரில் துர்க்கை, எதிர்ச் சுவரில் அனந்தசயனப் பெருமாள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே அரையிருட்டு. முக்காலி விரிக்க இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். ஆசைக்குப் படம் எடுக்கிறவர் அதற்கு அலைய மாட்டார். ஆகவே கையில் பிடித்தே, ஷட்டரை வினாடியில் எட்டில் ஒரு பங்குவரை திறந்துவைத்து எடுக்க வேண்டிவரும். இங்குதான் நிலைப்படுத்தல் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடு) உதவும். சோனி ஏ6400, கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 ஆகியவற்றின் உடலுக்குள் அது கிடையாது. அவற்றின் கிட் லென்ஸுக்குள் இருக்கிறது. ஒலிம்பஸ் இ-எம்10 வரிசை, ஃபியூஜி எக்ஸ்-எஸ்10 போன்றவற்றில் உடலிலேயே இருப்பதால் எந்த லென்ஸைப் போட்டாலும் பயன் தரும். கல்லில் செதுக்கிய துர்க்கை அசையப்போவதில்லை. ஆனால் கோவளத்தில் அலைமேல் சறுக்குகிறவரும் கரையேறும் படகும் அசைவார்கள். நிலைப்படுத்தல் உங்கள் கையைத்தான் அடக்கும், அவர்களை அடக்காது. அங்கே தேவை வேகமான ஷட்டர்.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் உடலில் மேல் மாடலுக்குத் தாவாதீர்கள். எஃப் 1.8 துவாரமுள்ள (ஒளி நுழையும் வாய் அகன்ற) ஒரு சிறிய லென்ஸ் வாங்குங்கள். எஃப் 5.6-இல் நுழைவதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு ஒளி அதில் நுழையும். நாலைந்து ஆண்டில் உடலை மாற்றுவீர்கள், லென்ஸ் அடுத்த உடலுக்கும் வரும்.

வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டிப் பார்க்கும் சாளரம்) பற்றி நான் பிடிவாதக்காரன். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் அது இல்லை. அவை வீடியோவுக்காகச் செய்தவை. தன்னைத்தானே படம்பிடித்துப் பேசுகிறவருக்குப் பொருத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பகல் 11 மணி வெயிலில் பின்திரையைப் பார்த்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் முகம்தான் அதில் தெரியும். இந்த ஊரில் புகைப்படத்துக்கென்று வாங்குகிறவர் வியூஃபைண்டர் இல்லாத உடலை வாங்கக் கூடாது.

வேடந்தாங்கல் ஆசையோடு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. நவம்பர் முதல் மார்ச்வரை கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் ஏரி நடுவே மரங்களில் இருக்கும், நீங்கள் கரையில் நிற்பீர்கள். கிட் லென்ஸில் அவை வெள்ளைப் புள்ளிகள். 50-250 அளவிலான தொலை லென்ஸ் குறைந்தபட்சம். ஏபிஎஸ்-சியில் அது 375 போல வேலை செய்யும். முதல் ஆண்டு பைனாகுலரோடு போய்ப் பறவைகளைப் பார்த்துப் பழகுங்கள், லென்ஸ் அப்புறம் ஆகட்டும்.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை. ஆனால் லென்ஸ் பொருந்தும் வாயை (மவுன்ட்) பாருங்கள். நிக்கான் 1 வரிசை 2018-இல் நின்றது. கேனானின் எம்50 போன்றவை இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அந்த எம் வரிசையையும் நிறுவனம் கைவிட்டுவிட்டது, புதிய ஆர்எஃப் லென்ஸ்கள் அதில் பொருந்தாது. படம் நன்றாகவே வரும், வளர வழியில்லை. வாங்கும்முன் லென்ஸைத் திறந்த துவாரத்தில் வைத்து டார்ச் அடியுங்கள். மவுன்டைச் சுற்றிய திருகுகளில் துரு, பேட்டரி அறையில் களிம்பு, சக்கரங்களைச் சுழற்றினால் நறநறப்பு என்று இருந்தால் அது கடற்கரையில் கஷ்டப்பட்ட கேமரா. விட்டுவிடுங்கள். புதிது வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் கையில் வந்த பிறகே பணம்.

இனி என் மேசைக்கு வராமல் இருக்க வழி. இங்கே கேமராவுக்கு மூன்று எதிரிகள்: உப்பு, ஈரம், கல்தூசு. கடற்காற்றில் அரை மணி நின்றால் லென்ஸின் முகத்தில் மங்கலாக ஒரு படலம் படியும். சட்டை நுனியால் துடைத்தால் அதிலிருக்கும் மணலும் உப்பும் சேர்ந்து கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் தூசியைத் தள்ளுங்கள், பிறகு லென்ஸ் திரவம் நனைத்த மென்துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். முகப்பில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி (யூவி ஃபில்ட்டர்) போடுங்கள். மற்ற ஊர்களில் அது தேவையா என்று வாதாடலாம், இங்கே வேண்டாம் அந்த வாதம். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். சிற்பிகளின் பட்டறைகளில் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் கல்மாவு இன்னும் பொல்லாதது. முன்னும் பின்னும் நீளும் கிட் லென்ஸ் ஒவ்வொரு ஜூமுக்கும் மூச்சு இழுப்பதுபோல் காற்றை உள்ளே இழுக்கும், மாவும் கூடவே போகும். அனுமதி கேட்டு, கை உளியால் வேலை நடக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். படத்துக்கும் அதுவே அழகு.

பூஞ்சைக்கு வேண்டியவை ஈரமும் இருட்டும் அசைவில்லாத காற்றும். பீரோவும் தோல் உறையும் அந்த மூன்றையும் கொடுக்கும். காற்றுப்புகாத ஒரு டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் போதும். மீட்டர் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் ஆரஞ்சு நிறமாக வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு உண்டு. எதுவானாலும் சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வியர்த்தால் பதற வேண்டாம். பையை மூடியே அரை மணி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே வராது.

ஊரில் சொல்லும் கைவைத்தியங்களை விட்டுவிடுங்கள். கேமராவை அரிசிக்குள் புதைத்தால் தவிட்டுத்தூசு துவாரங்களில் ஏறும். கற்பூரமும் நாப்தலின் உருண்டையும் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். பற்பசை, லென்ஸின் மேற்பூச்சையே சுரண்டிவிடும். வெயிலில் காயவைத்தால் எண்ணெய் இளகி லென்ஸின் துவார இதழ்களில் இறங்கும். பூஞ்சையின் நூல் அப்படியே இருக்கும். பூஞ்சை கண்டால் கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். ஆரம்பத்திலேயே கொண்டுவந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம். தேவனேரித் தம்பியின் லென்ஸில் ஒரு நூல் மட்டும் பூச்சைத் தின்றுவிட்டிருந்தது, அது போகாது. சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் படம் லேசாக வெளுக்கும்.

படங்களில் வானத்தில் எப்போதும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சார் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். தூசுதான். லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம், காதுகுடையும் பஞ்சை உள்ளே விடவே வேண்டாம். போகாவிட்டால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அலையில் விழுந்துவிட்டதா? அணைந்திருந்தால் ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே மட்டும் துடைத்து, அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலை, சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். கவுன்டரில் "சும்மா வைத்திருந்தேன், தானாக நின்றுவிட்டது" என்று சொல்லாதீர்கள். கடல் தண்ணீரா, மழைத் தண்ணீரா, இளநீரா என்று உள்ளபடி சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம். திறந்ததும் முதலில் எதைக் கழுவுவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.