சில மில்லிமீட்டர் சொல்லும் செய்தி

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் அமைந்துள்ளது. மக்கள் பார்வையிடும் காட்சிக்கூடங்களைத் தவிர, ஆய்வாளர்களுக்கான சேமிப்பு அறைகளும் அங்கு உள்ளன. பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொடங்கிய இத்தொகுப்பு, 1972ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்ப் பலமுறை இடம் மாறிய அது, 2015ஆம் ஆண்டில் இப்போதைய கட்டடத்தில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

இத்தகைய தொகுப்புகளில் பழந்தின்னி வௌவால்களும் இடம்பெறுகின்றன. சில மாதிரிகள் கண்ணாடிப் புட்டிகளில் எத்தனால் திரவத்தில் மூழ்கியிருக்கும். வேறு சில, பஞ்சு அடைக்கப்பட்ட உலர்ந்த தோல்களாக இழுப்பறைகளில் கிடத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு சீட்டு கட்டப்பட்டிருக்கும்.

வௌவாலை அளக்கும் ஆய்வாளர்கள் முதலில் கவனிப்பது அதன் முன்கை நீளத்தையே. இறக்கையை மடக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெர்னியர் அளவியால் அளக்கிறார்கள். பதப்படுத்தும்போது உடலின் எடை மாறும்; காதுகள் சுருங்கும். எலும்பின் நீளமோ பெரிதாக மாறுவதில்லை. ஆகவே, நூறு ஆண்டுகளுக்கு முன் பிடிபட்ட வௌவாலையும் இன்றைய வௌவாலையும் ஒப்பிட முடிகிறது.

இந்த அளவு எதற்கு உதவும்? மலாயத் தீபகற்பத்தில் பரவலாகக் காணப்படும் சிறிய நாய்முகப் பழ வௌவாலை எடுத்துக்கொள்வோம். வீட்டு முகப்புக் கூரையின் கீழ்த் தொங்கியபடி, தரையில் பழச் சக்கையைத் துப்பிவிட்டுப் போவது இதுதான். நெடுங்காலமாக இதனை ஒரே இனமாகக் கருதினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த மரபணு ஆய்வுகளோ இதனுள் இரு வகைகள் இருப்பதைக் காட்டின. தோட்டங்களிலும் ஊர்களிலும் வாழ்வது சற்றுப் பெரியது; அடர்காட்டில் வாழ்வது சற்றுச் சிறியது. முன்கை நீளத்தில் சில மில்லிமீட்டரே வேறுபாடு. எனவே, விரல் மூட்டுகள் இன்னும் இறுகாத இளம் வௌவால்களின் அளவுகளைத் தனியே குறிக்க வேண்டும். இல்லையெனில், வளராத பெரிய வகையைச் சிறிய வகையென எண்ணிவிட நேரும்.

அளந்த பின்னர், வௌவால் பிடிபட்ட இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும். இங்குதான் காலில் கட்டிய சீட்டு துணைசெய்கிறது. ஆனால், பழைய சீட்டுகளில் அட்சரேகையோ தீர்க்கரேகையோ இருப்பதில்லை. 'புக்கிட் தீமா ஏழாம் கல்' என்று எழுதியிருந்தால், பழைய வரைபடங்களின் உதவியுடன் அந்த இடத்தை ஓரளவு துல்லியமாகக் கண்டறியலாம். 'ஜொகூர்' என்று மட்டும் இருந்தால், ஒரு மாநிலம் முழுவதையும் கருத வேண்டியிருக்கும். அதனால், ஒவ்வொரு புள்ளியுடனும் எத்தனை கிலோமீட்டர் பிழை இருக்கலாம் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்கிறார்கள். சீட்டைத் தொலைத்த வௌவாலுக்கு வரைபடத்தில் இடமில்லை.

அளவுகளும் புள்ளிகளும் ஒன்றுசேரும்போது, காட்டு வகை முன்பு எங்கெல்லாம் வாழ்ந்தது என்பது தெரியவரும். அந்தப் புள்ளிகளுள் சில, இன்று சாலையாகவோ குடியிருப்பாகவோ மாறிவிட்ட இடங்களில் விழக்கூடும். பழந்தின்னி வௌவால்கள் விதைகளைப் பரப்புகின்றன. சில வகைகள் டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கையும் செய்கின்றன. எனவே, அவை மறைந்த இடத்தை அறிவது, காடு இழந்ததை அறிவதாகும். காடு அழிந்த பிறகு அந்த இடத்தில் புதிதாக மாதிரி எடுக்க இயலாது. அங்கு அவ்வௌவால் வாழ்ந்தது என்பதற்கு, யாரோ ஒருவர் அன்று பொறுப்புடன் எழுதிவைத்த சீட்டே சான்று.