தேவாங்குக்குச் சரணாலயம், மரப்பாசிக்கு?

முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது, ஈரம் மிகுந்த இடங்களில் அடிமரங்கள் பச்சைக் கம்பளம் போர்த்தியதுபோல் இருப்பதைக் காணலாம். அதுவே மரப்பாசி. குளத்துப் பாசி வேறு, இது வேறு. காப்பி, மிளகுத் தோட்டங்களில் இதை நோய் என்று கருதிக் கத்தியால் சுரண்டுவோர் உண்டு. அது தேவையற்ற வேலை. மரப்பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதும் இல்லை. மழையையும் பனியையும் இலையாலேயே குடித்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கோடையில் காய்ந்து கருகினாலும் ஒரு மழையில் மீண்டும் துளிர்க்கும். ஆனால் அடியோடு உரித்த இடத்தில் மறுபடி படரப் பல ஆண்டுகள் ஆகும்.

காவிரிக்குத் தெற்கே கடவூர் மலைப் பகுதியில் தேவாங்கு வாழ்கிறது. சுமார் கால் கிலோ எடை. ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி. இதுவும் அழிந்தால் எளிதில் பெருகாது. இரவெல்லாம் பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால் உழவருக்கு நண்பன். 2022ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு இதற்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த உருண்டைக் கண்களைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். பாசிக்கு முகம் ஏது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ல் தாவரங்களைச் சேர்த்தபோது ஆறு வகைகள் இடம் பெற்றன. பாசி ஒன்றுகூட இல்லை. உத்தரகண்ட் வனத்துறைதான் 2020ல் நைனிடால் அருகே பாசிக்கென ஒரு தோட்டம் அமைத்தது.

ஆயினும் இரண்டுக்கும் வேண்டியது தொடர்ந்த மரநிழலே. தேவாங்கு தாவாது, கிளை விட்டுக் கிளை பிடித்தே நகரும். இடையில் மரம் போனால் தரையில் இறங்கி நாயிடமோ வண்டியிலோ சிக்கும். பாசியோ நகரவே முடியாமல் வெயிலில் கருகும். எனவே நிழல் மரங்களை ஒரே ஆண்டில் மொத்தமாகக் கழிக்காமல், பகுதி பகுதியாகக் கவாத்து செய்ய வேண்டும்.

கொய்யா, எலுமிச்சையில் விண்பதியம் போடுவோர் பாசியைத் தேடி உரிக்க வேண்டியதில்லை. மட்கிய தென்னை நார்க்கழிவே போதும். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, நனைத்துப் பிழிந்த நார்க்கழிவை வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டவும். சுமார் இரண்டு மாதங்களில் தாளின் வழியே வேர் தெரியும். கட்டுக்குக் கீழே வெட்டி, பையில் நட்டு நிழலில் வைக்கவும்.